ஒரே பெயர், பல கிளைகள்: கம்பியில்லா வலையமைப்பில் பொதுவும் சிறப்பும்

இலக்கணம் கற்பிக்கும்போது பொதுவிதி, சிறப்புவிதி என நாம் பிரித்துக் காட்டுகிறோம். பல கிளைகளைக் கொண்ட நிறுவனத்தின் வைஃபை வலையமைப்பை விளங்கிக்கொள்வதற்கும் இப்பிரிப்புத் துணைபுரிகிறது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டியவை எவை, கிளைக்குக் கிளை மாற வேண்டியவை எவை என்று தெளிந்துகொள்வதே இங்கு முதற்பணி.

சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் கிளைகளை நடத்தும் துணைப்பாட நிலையம் ஒன்றை எண்ணிப்பார்ப்போம். இன்று ஒரு கிளையில் பாடம் நடத்தும் ஆசிரியர் நாளை மற்றொரு கிளைக்குச் செல்கிறார். அவருடைய மடிக்கணினி அங்கும் தானாகவே இணைய வேண்டும்.

பொதுவாக இருக்க வேண்டியவை

கணினி ஒருமுறை இணைந்த வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது. இம்மூன்றும் எல்லாக் கிளைகளிலும் ஒத்திருத்தல் வேண்டும். பெயரில் ஓர் இடைவெளி கூடினாலும் கணினிக்கு அது வேறு வலையமைப்பு. ஒரு கிளை மட்டும், 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையை மட்டுமே ஏற்குமாறு மாற்றப்பட்டால், அம்முறையை அறியாத பழைய கணினிகள் அங்கே இணையமாட்டா.

பெயரைத் தமிழில் வைக்க விரும்புவோர் ஒரு வரம்பை அறிந்திருத்தல் நன்று. வலையமைப்பின் பெயர் 32 பைட்டுக்கு மிகுதல் ஆகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். வழக்கமான ஒருங்குறி முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் கொள்ளும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். ஆகவே ‘தமிழ்’ 15 பைட். ஆறே எழுத்துடைய ‘தமிழ்ச்சோலை’ 33 பைட் ஆகி, ஒரு பைட்டால் வரம்பைக் கடந்துவிடுகிறது.

கிளைக்கு உரியவை

அலைவரிசையும் அலையின் வலிமையும் அந்தந்தக் கட்டடத்தைப் பொறுத்தவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகள் ஒன்றையொன்று இடர்ப்படுத்துவதில்லை. அருகருகே உள்ள கருவிகள் அனைத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அவை ஒன்றுக்கொன்று காத்திருக்க நேர்ந்து, வேகம் குறையும். நாட்டுக் குறியீடும் கிளைக்கு உரியதே. ஜொகூர் பாருவில் உள்ள கருவி மலேசிய விதிகளுக்கும், சிங்கப்பூரில் உள்ளது சிங்கப்பூர் விதிகளுக்கும் உட்பட்டு இயங்க வேண்டும்.

ஒருமையைக் காக்கும் வழி

கருவிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினால், நாளடைவில் வேற்றுமைகள் புகுந்துவிடும். ஆகையால் நிறுவனங்கள் பொது அமைப்புகளை ஒரு வார்ப்புருவாக மையத்தில் வைக்கின்றன. கிளைக் கருவிகள் அதைப் பெற்றுக்கொள்கின்றன. இதில் ஓர் இடரும் உண்டு. மையத்தில் நேரும் பிழை எல்லாக் கிளைகளையும் ஒருசேரத் தாக்கும். எனவே மாற்றத்தை முதலில் ஒரு கிளையில் சோதித்து, பழைய அமைப்பின் படியைக் காத்து, பின்னரே பிற கிளைகளுக்கு அனுப்புதல் முறையாகும்.

அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் என்பதும் ஆபத்தை வளர்க்கும். ஒருவர் பணியிலிருந்து விலகினால், எல்லாக் கிளைகளிலும் அதை மாற்றியாக வேண்டும். ஆளுக்கொரு கணக்கு இருப்பின் அவருடைய கணக்கை மட்டும் நீக்கினால் போதும்.

பெயர் மட்டும் போதுமா?

பல்கலைக்கழக மாணவர்கள் அறிந்த எடுரோம் இதற்கு நல்ல சான்று. ஐரோப்பியக் கல்வி வலையமைப்புகளிடையே தோன்றிய அத்திட்டம் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்குகிறது. சென்ற இடம் எதுவாயினும் பெயர் ஒன்றே. மாணவர் யாரென்பதை அவருடைய சொந்தப் பல்கலைக்கழகமே சரிபார்க்கிறது.

ஆனால் அதே பெயரை எவரும் தம் கருவிக்குச் சூட்டிக்கொள்ளலாம். போலி வலையமைப்பில் கடவுச்சொல்லை இழக்காதிருக்க, எதிரே உள்ள சேவையகத்தின் சான்றிதழைக் கணினி சரிபார்த்தல் வேண்டும். சான்றிதழ் குறித்த எச்சரிக்கை திரையில் தோன்றும்போது, படிக்காமலே ஒப்புதல் அளிக்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். அவ்வெச்சரிக்கையைப் படித்து, ஐயமிருப்பின் வலையமைப்புப் பொறுப்பாளரைக் கேட்ட பின்னரே இணையுமாறு மாணவர்களுக்கு நாம் கற்பித்தல் நலம்.