புற்றுநோய் நிதிக்காக மலையேறப் போகிறீர்களா? புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

மாத்தளை மண்ணுக்கு நெடுநடை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகத்தான் வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. ஒரு சமூகத்தின் உரிமைக் குரலை ஊர் ஊராகக் கொண்டு சென்ற நடை அது.

ஒரு நோக்கத்துக்காக நடப்பதற்கு அத்தகைய வலிமை உண்டு. புற்றுநோய்க்காக நடப்பதும் அப்படித்தான். பழைய மாணவர் சங்கமோ, அலுவலக நண்பர்களோ, ஊர்க் கழகமோ "றிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகிறோம், ஆளுக்கு இவ்வளவு நிதி சேர்க்க வேண்டும்" என்று அழைத்தால் மனமுவந்து போகலாம். ஆனால் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நல்ல காரியமாயிற்றே என்று கேளாமல் விட்டால் ஒருபுறம் உடலுக்கு ஆபத்து, மறுபுறம் பணத்துக்கு ஆபத்து.

நடையால் எழுந்த வைத்தியசாலை

இந்த நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்தார்கள். 'ட்ரெயில்' என்று பெயரிட்ட அந்த நடையில் வழியெங்கும் மக்கள் சேர்ந்துகொண்டார்கள். திரண்ட நிதியில் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் அதே நடை வடக்கிலிருந்து தெற்காக, காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக நடந்தது. தம்பியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தன அந்த முயற்சியில் முன்னின்றார்.

ஆராய்ச்சி நிதிக்கு உலகறிந்த முன்னோடி கனடாவின் டெரி பொக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த இளைஞர் அவர். அந்த நோயிலிருந்து பிழைக்கும் வாய்ப்பு அதற்கு முந்தைய இரண்டே ஆண்டுகளில் 15 வீதத்திலிருந்து 50 வீதமாக உயர்ந்திருந்தது என்று வைத்தியர்கள் அவரிடம் சொன்னார்கள். அந்த உயர்வைத் தந்தது ஆராய்ச்சி. 1980இல் அவர் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு மறைந்தார். அவரைப் பேசுவோர் பலரும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு: அந்த ஓட்டத்துக்கு முன் ஓராண்டுக்கும் மேலாக, 5,000 கிலோமீற்றருக்குக் குறையாமல் அவர் பயிற்சி எடுத்திருந்தார். ஓடிய தூரமும் பயிற்சித் தூரமும் ஏறக்குறைய ஒன்று.

கொடுப்பவரின் உரிமை

'புற்றுநோய்க்காக' என்ற சொல் மிகப் பொதுவானது. வைத்தியசாலைக் கட்டடம், கருவி, ஏழை நோயாளியின் பயணச் செலவு, ஆராய்ச்சி எல்லாமே அதில் அடங்கும். எல்லாமே தேவைதான். ஆனால் எதற்காக என்பதைத் தெளிவாகச் சொல்லித்தான் பணம் வாங்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வைத்தியசாலை, எந்த ஆய்வு, நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு அந்த அனுமதி அவசியம். உண்மையான ஆய்வாளர் எவரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஏற்பாடு செய்யும் அமைப்பு பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பணம் தனியாள் ஒருவரின் கணக்குக்குப் போகாமல் அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். தொடரிலக்கம் இட்ட பற்றுச்சீட்டு கையில் வர வேண்டும். பஸ், சாப்பாடு, டீ சேர்ட் ஆகியவற்றின் செலவு நன்கொடையிலிருந்து கழிக்கப்படுமா, தனியே அறவிடப்படுமா என்பதை முதலிலேயே அறிவிக்க வேண்டும். நடை முடிந்தபின் வரவு செலவு பகிரங்கமாக வெளிவர வேண்டும்.

பணம் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொன்னால் அதை நீங்களே உறுதிப்படுத்தலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் "இன்ன அமைப்பிடமிருந்து இன்ன திகதியில் எவ்வளவு கிடைத்தது?" என்று தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

நோயாளிக்கும் உரிமை உண்டு. முடி கொட்டிய பிள்ளையின் படத்தைப் பதாகையில் போட்டால் பணம் விரைவாகச் சேரலாம். பெற்றோரின் விளங்கிய சம்மதம் இல்லாமல் போடுவது தவறு. வறுமையைக் காட்ட லயத்து வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் படம் பிடிப்பதும் அப்படியே.

நடப்பவரின் உரிமை

பதிவு செய்யும்போது "எனக்கு எது நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல" என்ற படிவத்தில் கையொப்பம் கேட்பார்கள். வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள். ஒப்பமிட்டதோடு எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, தொழிலாக நடத்தும் ஒருவர் தமது கவனயீனத்தால் விளையும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை இத்தகைய எழுத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற்றாயிற்றா? றிவர்ஸ்டன் அடங்கிய நக்கிள்ஸ் மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட வனம். 2010 முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் அங்கம். நுழைவுச் சீட்டு வேண்டும்; வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாத பாதைகளும் உண்டு. தோட்டப் பாதையில் போவதானால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா? முதலுதவி தெரிந்தவர் எத்தனை பேர்? காப்புறுதி உண்டா? நடுவழியில் முடியாமற்போனால் இறக்கிக் கொண்டுவர வாகனம் எங்கே நிற்கும்? வழிகாட்டும் உள்ளூர் இளைஞருக்குக் கூலி எவ்வளவு? தருமத்துக்கான நடை என்று சொல்லி உழைப்பவரின் கூலியைக் குறைப்பது தருமமாகாது.

மலையில் காத்திருக்கும் ஆபத்துகள்

இரத்தோட்டை தாண்டி இலுக்கும்புர வீதியில் ஏற ஏற வெயில் மறைந்து மூடுபனி இறங்கும். றிவர்ஸ்டன் கோபுரத்தை நெருங்கும்போது காற்று ஆளையே தள்ளும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் சற்று நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கும். எளிதில் உலரும் சட்டையும் மழை அங்கியும் பையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மழைதான் முதல் எதிரி. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழை இந்த மலைச்சரிவுகளை ஊறவைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாத்தளையிலும் அயல் மாவட்டங்களிலும் சரிந்த மலைகளை நாடே பார்த்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. போகும் பிரதேச செயலகப் பிரிவுக்கு எந்த நிற எச்சரிக்கை இருந்தாலும் நடையைத் தள்ளிவையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் வழமை. மதியத்துக்கு முன் வெட்டவெளியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அட்டைக் கடி பயப்பட வேண்டியதல்ல. நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். குளவிக் கொட்டின் கொடுமையைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூடு கண்ட இடத்தில் கூச்சலும் புகையும் வேண்டாம். பல குளவிகள் கொட்டியவரை, அவர் தெம்பாகத் தெரிந்தாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிங்களத்தில் பொலன்தெலிஸ்ஸா எனப்படும் சிறிய விரியன் உலர்ந்த இலைச் சருகில் அசையாமல் கிடக்கும். இலங்கையில் வழக்கமாகப் பயன்படுத்தும் பாம்புக்கடி மருந்து அதன் விஷத்தை முறிக்காது. கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. காலை அசைக்காமல் வைத்தியசாலை சேர்வதே வழி.

எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய பெரும் பரவலில் மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. காலில் கீறலோடு வயல்நீரிலோ சேற்றிலோ இறங்க வேண்டாம். நடை முடிந்து ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் "மலைக்குப் போனேன், தண்ணீரில் இறங்கினேன்" என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பயிற்சி எப்படி?

நடந்து பழகாதவருக்கு மூன்று மாதமாவது வேண்டும். முதல் மாதம் சமதரையில், வாரம் நான்கு நாள், பேச்சு தடைப்படாத வேகத்தில் நடந்தால் போதும். இரண்டாம் மாதம் தோட்டத்துச் சரிவுப் பாதைகளுக்கு மாறுங்கள். தூரத்தையும் ஏற்றத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். மூன்றாம் மாதம், போகும் நாளில் சுமக்கப்போகும் பையோடும் அணியப்போகும் சப்பாத்தோடும் நடந்து பழகுங்கள். கடைசி வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதில் மூச்சு வாங்கும். காலை முறிப்பது இறக்கம். கீழே இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிவுகள் ஏற்பட்டு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படியிறங்க முடியாமற் செய்யும். களைத்த காலோடு ஈரப் பாறையில் இறங்கும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள். ஆகவே இறக்கத்துக்கும் தனியே பயிற்சி வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, சிறு அடிகளாக வைத்து இறங்கிப் பழகுங்கள்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் இடைக்கிடை குடியுங்கள். மணிக்கணக்காக வியர்த்தபின் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஒரு பக்கெற் ஜீவனி உப்புக்கரைசல் தூள் பையில் இருக்கட்டும். உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறி, உடனே உதவி கேளுங்கள்.

நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இதயநோய் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் பதிவு செய்ய வேண்டாம். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. சில மருந்துகளால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். கொப்புளம் வெடித்தாலும் தெரியாது. ஒவ்வொரு தரிப்பிலும் காலுறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மார்புப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்கள், அந்தப் பக்கத் தோளில் பாரமான பையைத் தொங்கவிடலாமா என்று கேட்டறிய வேண்டும்.

பிழை நேர்ந்தால் எங்கே போவது?

உயிருக்கு ஆபத்தென்றால் 1990: சுவசெரிய நோயாளர் காவு வண்டி, கட்டணமில்லை. பொலிஸ் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. காட்டுக்குள் பல இடங்களில் தொலைபேசி இயங்காது. எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள்; தொலைபேசி 1977. நன்கொடை கையாடப்பட்டதாகச் சந்தேகித்தால் பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பிரதியெடுத்துப் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதற்கு ஒப்பமிட வேண்டாம். வழக்குரைஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இறுதியாக ஒன்று. இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதற்கு வித்திடுவது பெரும்பாலும் புகையிலை சேர்த்த வெற்றிலை. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே. ஆறாத வாய்ப்புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை அரச சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது. நிதிக்காக மலையேறும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒருவரையாவது இத்தகைய பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பயிற்சி எடுத்து நடங்கள், கணக்குக் கேட்டுக் கொடுங்கள், காலம் தாழ்த்தாமல் பரிசோதியுங்கள்.