மலையேறாத கலைப்பணம்

பழனி மலையில் இருக்கும் வெள்ளகவி என்ற ஊருக்கு நெடுங்காலம் வண்டிப்பாதை இருந்ததில்லை. வட்டக்கானலிலிருந்து இறங்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டியிருந்தது. மூட்டை முடிச்செல்லாம் குதிரை முதுகில்தான். இப்படி ஓர் ஊரில் வயதான கொட்டுக்காரர் ஒருவர் கலைஞர் உதவித்தொகைக்கு எழுதிப்போட நினைத்தால் என்ன ஆகும்?

மத்திய கலாசார அமைச்சகம் முதிய கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை தருகிறது. 60 வயது ஆகியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இரண்டும் மலைக்காரர்களுக்குத் தடையே இல்லை. கலைக்கு என்ன செய்தீர்கள் என்று நிரூபிக்கச் சொல்லும் இடத்தில்தான் கதவு சாத்திக்கொள்கிறது. சபாவில் பாடியவரிடம் அழைப்பிதழ் இருக்கும், பத்திரிகை விமர்சனம் இருக்கும், பொன்னாடை போர்த்திய படம் இருக்கும். சாமி கும்பிட்டுக்கும் சாவுக்கும் கொட்டடித்தவருக்கு யார் அழைப்பிதழ் அச்சடித்தார்கள்?

அதே அமைச்சகம் ஆண்டுக்கு 400 பேர் வரை ஆய்வு நல்கைக்குத் தேர்ந்தெடுக்கிறது. மூத்தவர்களுக்கு மாதம் 20,000, இளையவர்களுக்கு 10,000, இரண்டு ஆண்டுகளுக்கு. திட்ட வரைவு எழுதத் தெரிந்தவருக்குத்தான் அது. குழுக்களுக்கான மானியம் என்றால் பதிவுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் வேண்டும். எந்த விதியிலும் சாதி பேசப்படவில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் படிப்பும் மேடையும் யாருக்குக் கிடைத்தனவோ அவர்கள் வீட்டுக்கே பணம் வழி தெரிந்து போகிறது.

பழனி மலையின் பளியர்கள் பட்டியல் பழங்குடியினர். அதே மலையில் வாழும் மலைப் புலையர்கள் பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தங்களைப் பழங்குடியாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழங்குடிக் கலைக்கென்று ஒதுக்கும் பணத்துக்குச் சான்றிதழ் கேட்டால், ஒரே காட்டில் ஆடும் இரண்டு கூட்டத்தில் ஒன்று வாசலோடு நின்றுவிடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. வாக்கு எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய கூட்டத்துக்காக அலுவலகத்தில் யாரும் தானாக எழுந்து நிற்கப் போவதில்லை.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று முழுநேர வகுப்புகள் நடக்கின்றன. நாட்டுப்புறக் கலைகளுக்கு அண்மையில் பகுதிநேரப் பயிற்சி வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஒரு கலைக்கு முழுநேரமும் இன்னொன்றுக்கு மிச்ச நேரமும் ஏன் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கலைப்பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியை அமெரிக்காவில் கணக்குப் போட்டே கேட்டார்கள். 2017-இல் வந்த ஹெலிகான் என்ற நிறுவனத்தின் ஆய்வு, நன்கொடைப் பணத்தில் 58 விழுக்காடு வெறும் 2 விழுக்காடு கலை நிறுவனங்களுக்குப் போவதைக் காட்டியது. வெள்ளையர் அல்லாதோர் அப்போது அங்கே மக்கள்தொகையில் 37 விழுக்காடு. அவர்களுக்காகவே இயங்கும் கலை அமைப்புகளுக்கு அறக்கட்டளைகளின் கலை நிதியில் கிடைத்ததோ 4 விழுக்காடு. இனவாரியாக எண்ணியதால்தான் அது வெளியே தெரிந்தது. நம் ஊரில் பயனாளிப் பட்டியல் பெயரையும் கலைவகையையும் சொல்லும். எந்தச் சமூகம் என்று சொல்லாது. எண்ணாத அநீதியை எந்தக் கூட்டத்திலும் மறுத்துவிடலாம்.

பணம் வந்து சேராவிட்டால் கலையே அழியும் ஆபத்து உண்டு. கர்நாடக இசைக்குச் சுரம் எழுதிய புத்தகமும் ஒலிநாடாவும் உண்டு. எழுதிவைக்காத மலைப்பாட்டு, கற்றவர் போனால் அவரோடு போய்விடும். பேரன் கொடைக்கானல் விடுதியில் பாத்திரம் கழுவக் கூலி உண்டு, தாத்தாவிடம் அடவு கற்றுக்கொள்ள உதவித்தொகை இல்லை என்றால், அவன் எங்கே போவான்? கோடை விழாவில் பத்து நிமிடம் ஆடவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது இதை ஈடுகட்டாது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கச் சொல்லும் சட்டம் அது. கலைக்குச் செலவாகும் பணத்தில் அந்த விகிதம் எங்கே போய்ச் சேர்ந்தது, பழனி மலைக்கு எவ்வளவு வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.