மைசூரு வானொலியும் பாட்டுக் கட்டணமும்

மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஆகாசவாணி’. பின்னாளில் அகில இந்திய வானொலியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இன்று அதே ஊரில் ஒரு லேப்டாப்பும் மைக்கும் இருந்தால் இணைய வானொலி தயார். அலைவரிசை ஏலம் கிடையாது.

சினிமாப் பாட்டுப் போட்டால்தான் வம்பு.

எஃப்.எம். நிலையங்களுக்கு, 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு கைகொடுக்கிறது: முன்னறிவிப்புத் தந்து, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் உரிமையாளர் மறுக்க முடியாது. இணையத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்று டிப்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் விங்க் என்ற பாட்டுச் செயலிக்கும் இடையிலான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்னது; 2022-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

ஆக, ஒவ்வோர் இசை நிறுவனத்திடமும் தனித்தனியே பேரம்தான். பெரிய செயலிகளுக்கு வக்கீல் படை உண்டு. மொட்டைமாடி அறையில் நிலையம் நடத்துபவருக்கு? நிலையம் தொடங்கும் எண்ணம் இருந்தால், முதல் பாட்டை ஒலிக்கவிடும் முன்பே அதன் உரிமை யாரிடம் என்று விசாரித்துவிடுங்கள்.