ஒல்லி ஆளுக்கும் 60 மார்க்கு! சர்க்கரை வியாதி வருமா? இன்ச் டேப் சொல்கிறது

பரீட்சையில் 60 மார்க்கு வாங்கினால் முதல் வகுப்பு. வீட்டில் பாயசம் வைப்பார்கள். இந்தப் பரீட்சையில் 60 வந்தால் பாயசத்தைத் தள்ளி வைக்க வேண்டியதுதான்!

சர்க்கரை வியாதிக்கு இடம் கொடுக்கும் உடம்பா, இல்லையா என்று பார்க்கும் மார்க்கு இது. ஊசி கிடையாது. ரத்தம் எடுக்க வேண்டாம். ஒரு இன்ச் டேப்பும், 4 கேள்விகளும் போதும்.

இது பிறந்த ஊர் சென்னை. நகரில் சுமார் 26 ஆயிரம் பேரைச் சந்தித்து விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதில் கிடைத்த விவரங்களை வைத்து டாக்டர் வி.மோகன் குழுவினர் இந்தக் கணக்கை உருவாக்கி 2005-ல் வெளியிட்டார்கள்.

கணக்கு இதுதான்

வயது 35-க்குக் கீழே என்றால் மார்க்கு இல்லை. 35 முதல் 49 வரை 20 மார்க்கு. 50 ஆகிவிட்டால் 30.

அடுத்தது இடுப்பு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் 10 மார்க்கு, 100-ஐத் தொட்டால் 20. பெண்களுக்கு 80-லேயே 10 மார்க்கு, 90-ல் 20. பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றக்கூடாது! அது தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிற இடம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே அளக்க வேண்டும்.

உடற்பயிற்சியும் உண்டு, உழைப்பும் உண்டு என்றால் பூஜ்யம். இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. உட்கார்ந்த வேலை, பயிற்சியும் இல்லை என்றால் 30. தாய், தந்தையில் ஒருவருக்கு சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

மொத்தம் 100. முப்பதுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 60-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் 52 வயதுக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு 101. அம்மாவுக்கு சர்க்கரை. 90 மார்க்கு! இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா ஒல்லி. வயது 51, இடுப்பு 86. பரம்பரையில் யாருக்கும் இல்லை. "நமக்கு எங்கேப்பா வரப்போகுது?" என்பார். ஆனால் நாள் முழுக்க நாற்காலி, நடை கிடையாது. வயதுக்கு 30, நாற்காலிக்கு 30. அவருக்கும் 60 வந்துவிட்டது!

வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. அவர் தினமும் ஒழுங்காக நடந்தால் 50 ஆகும்.

60 என்றால் 60 சதவீதமா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மார்க்கு வேறு, சதவீதம் வேறு. அந்த சென்னை ஆய்வில் 60-ம் அதற்கு மேலும் வாங்கிய 100 பேரைச் சோதித்தால், 17 பேருக்குத் தங்களுக்கே தெரியாமல் சர்க்கரை இருந்தது. மீதி 83 பேருக்கு இல்லை. அதற்குக் குறைவாக வாங்கியவர்களிலும் 100-க்கு 5 பேருக்கு இருந்தது!

ஆகவே இது தீர்ப்பு அல்ல. யார் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சீட்டு.

சோதனையில் சிலர் நடுவில் மாட்டுவார்கள். சர்க்கரை கூடியிருக்கும், வியாதி என்று சொல்லும் அளவு வந்திருக்காது. இவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாடு. "ஜாக்கிரதையா இருங்க" என்றால் தலையாட்டிவிட்டு நேரே டீக்கடைக்குப் போவார்கள். பயமுறுத்தினால் மறுபடி வரவே மாட்டார்கள்.

எண்ணிக்கையாகச் சொன்னால் புரியும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் இப்படி நடுவில் நின்ற 531 பேரை வைத்து ஆய்வு நடத்தி, 2006-ல் முடிவைச் சொன்னார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 3 ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. சாப்பாட்டைக் கவனித்து நடந்தவர்களில் 39 பேருக்குத்தான். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபம் இல்லை.

"ஆபத்து 28 சதவீதம் குறைகிறது" என்றும் இதையே சொல்லலாம். காதுக்கு நன்றாக இருக்கும், மனசில் நிற்காது. "100-ல் 16 பேர் தப்பினார்கள்" என்றால் நிற்கும். நடந்தும் 39 பேருக்கு வந்ததே என்பதையும் மறைக்கக்கூடாது. மறைத்தால், வந்தவர் டாக்டரைத்தான் திட்டுவார். "என்னை மாதிரி 100 பேரில் எத்தனை பேருக்கு வரும் சார்?" என்று கேட்பவருக்கு விவரம் கிடைக்கும்.

செல்போனும் உதவியது! தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு நடையையும் சாப்பாட்டையும் நினைவூட்டி அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 2 ஆண்டில் அவர்களில் 100-க்கு 18 பேருக்கு வியாதி. செய்தி போகாதவர்களில் 27. இது 2013-ல் வெளியான முடிவு.

வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி என்பது அளவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே தடவையில் முடிவு கட்ட மாட்டார்கள். இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.