டம்பெல்லைக் கண்டு பயம், ஊசியைக் கண்டு அலட்சியம்

'வெயிட் தூக்கினால் வளர மாட்டாய்' என்று மகனை ஜிம் பக்கமே விடாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. இந்தப் பயம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. உயரம் கூடுவது அங்கேதான். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வயதிலும் அது இறுகி மூடிக்கொள்கிறது. அதற்கு முன் பாரம் அதை நசுக்கிவிடும் என்பதுதான் வாதம். ஆனால் முறையான எடைப்பயிற்சி உயரத்தைக் குறைத்ததற்குச் சான்றில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும் இதுதான். மதில் மேலிருந்து குதிக்கிற பையனின் காலில் அவன் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. அதை யாரும் உயரத்தோடு முடிச்சுப் போடுவதில்லை.

பளுதூக்குபவர்கள் குள்ளமாக இருக்கிறார்களே என்பார்கள். மீராபாய் சானு ஐந்தடிகூட இல்லைதான். கைகால் குட்டையானவருக்குப் பாரத்தை உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. சிறிய எடைப்பிரிவுகளில் அவர்கள் முன்னுக்கு வருவது இயல்பு. அதே விளையாட்டில் 2016, 2020, 2024 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே ஆறடியைத் தாண்டியவர்.

அடி படுவது வேறு விஷயம். நண்பனோடு போட்டி போட்டு, பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல், தூக்கவே முடியாத எடையில் கை வைத்தால் வளர்ச்சித் தட்டே முறியலாம். மூட்டை ஒட்டிய வலியும் வீக்கமும் சில நாளில் அடங்காவிட்டால் சுளுக்கு என்று நீவிவிடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து முறை சிரமமின்றித் தூக்க முடிகிற எடை, வாரம் இரண்டு மூன்று நாள், இவ்வளவே போதும்.

உயரத்தை நிஜமாகவே திருடுவது ஸ்டீராய்டு ஊசி. அந்த ஊசி வழியே உடலில் சேரும் ஆண்மை ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. வளர்ச்சித் தட்டை மூட வைப்பது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். ஆறு மாதத்தில் 'பாடி' ஏறிய பையன் அதோடு வளராமலே நின்றுவிடக்கூடும். மூடிய தட்டைத் திறக்க மருந்து கிடையாது. மருத்துவர் சீட்டில்லாமல் இதை விற்பதே சட்டவிரோதம். ஜிம்மில் யாராவது கொடுத்தால் குப்பியை எறியாமல் வைத்திருந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யுங்கள்.

இதன் மறுபக்கம், 'மூன்றே மாதத்தில் நான்கு அங்குலம்' என்று வரும் மாத்திரை விளம்பரம். உயரம் கூட்டுவதாகச் சொல்லி மருந்தை விளம்பரப்படுத்த 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்திலேயே தடை இருக்கிறது. எழுபது ஆண்டாகியும் சந்தை ஓயவில்லை! புரோட்டீன் டப்பா என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில், டப்பா, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் முதல் நாளே பத்திரப்படுத்துங்கள். புகார் போனதும் முதலில் காணாமல் போவது அந்த விளம்பரம்தான்.