வெயிலைத் தாமதப்படுத்தும் வீடு

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் கரண்ட் பில் ஏறும். வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே ஓடிவிடாமல் காப்பதுதான் அவர்கள் கவலை. புதுக்கோட்டைச் சீமையில் மார்கழிக் குளிர் ஒரு போர்வையோடு அடங்கிவிடும். நமக்குச் செலவு வைப்பது பங்குனியில் பிடித்து ஆவணி வரை அடிக்கும் வெயில். ஆனால் இரண்டு ஊருக்கும் விதி ஒன்றே: சூடு எப்போதும் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பாயும். அதை அடியோடு நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம்.

எந்த வழியாகச் சூடு வருகிறது? புதுக்கோட்டை வட அட்சரேகை 10 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 17-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 26-ஐ ஒட்டியும், உச்சிவேளைச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். அதனால் கோடையில் சுவர்களைவிட மொட்டைமாடிதான் வெயிலை அதிகம் வாங்குகிறது. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்ததும் கீழே இறக்கத் தொடங்கும். ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலைத் தள்ளுவது இதனால்தான்.

கரண்ட் வருவதற்கு முன்பே இதற்கு விடை கண்ட வீடுகள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. ராயவரம், கோனாப்பட்டு, அரிமளம், ராங்கியம், கடியாபட்டி எனத் திருமயத்தைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் கட்டிய வீடுகள் அவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தில், பெரும்பாலும் 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

முதலில் கூரை. வளைந்த நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காகப் போர்த்தியிருப்பார்கள். அடுக்குகளுக்கு இடையே காற்று தங்கி நிற்கும். அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. குளிர்நாட்டவர் கண்ணாடிப் பஞ்சுக்குள் அடைத்து வைப்பதும் இதே காற்றைத்தான். சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். மத்தியான வெயில் அந்தக் கனத்தைக் கடந்து உள்ளே வந்து சேர்வதற்குள் இரவாகிவிடும். அப்போது அதை வெளியேற்ற வளவு காத்திருக்கும்.

வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். பகலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போகும்; அந்த இடத்துக்குத் திண்ணைப் பக்கத்து நிழல் காற்று உள்ளே வரும். இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டைத் திறந்த வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோகும். தலைவாசலில் நின்றால் புழக்கடைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். காற்று போக அமைத்த பாதை அது.

சுவர்ப் பூச்சையும் சொல்ல வேண்டும். ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேரும்; மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பல தடவை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கண்ணாடிபோல் மின்னும் அந்த வெண்மை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சுவரில் தங்கும் ஈரமும் ஆவியாகி வெளியேறும்.

குறையும் உண்டு. உள்ளறைகளில் இருட்டு; ஓடு மாற்றவே பெருந்தொகை ஆகும். இன்று அப்படியொரு வீடு கட்ட யாராலும் ஆகாது. அதன் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடியில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குப் பழகிய வேலை. அதற்கு வசதி இல்லையென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும். ஐப்பசி மழையில் கரைந்துபோகும்; மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்குத் திரையை உள்ளே போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. காலை பத்து மணிக்கு ஜன்னல்களைச் சாத்தி, பொழுது சாய்ந்தபின் திறந்துவிடுங்கள்.

கணக்கையும் பார்ப்போம். 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 54 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் சுமார் 22 யூனிட். ஒரு டன் ஏசிக்குக் கம்ப்ரசர் ஓடும் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். மேலே தளம் கொதித்தால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. ஏசியை 18-இல் வைக்காமல் 24-க்கு மேல் வைத்து, கூடவே ஃபேனையும் ஓடவிட்டால் செலவு நன்றாகக் குறையும்.

ஆகவே வீட்டைக் குளிர்விக்கக் கையில் இருக்கும் பணத்தை முதலில் கூரைக்குச் செலவிடுங்கள். அதன்பிறகும் தேவைப்பட்டால் ஏசி வாங்கலாம், சின்னதே போதும்.