செஞ்சிக்குப் போவோம், பதநீர் பருகுவோம்!

ஜெர்மனியின் தென்கோடியில் இருப்பது பவேரியா. அங்கே உல்லாசப் பயணம் போகிறவர்கள் மூன்றைத் தேடிப் போகிறார்கள். ஒன்று கோட்டை, மற்றொன்று பீர், மூன்றாவது, அந்த மண்ணின் பழங்கதை.

முடிச்சூர், தாம்பரம் வாசிகள் இதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. சுமார் 130 கிலோ மீட்டர் போனால் போதும். அங்கே நிற்கிறது செஞ்சிக் கோட்டை!

ஒரே கூட்டம்

2025 ஜூலையில், பாரிஸ் நகரில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் குழு கூடியது. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் கட்டிய 4 மாளிகைகள் அப்போது உலக பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. அதே கூட்டத்தில்தான் மராட்டியரின் 12 கோட்டைகளும் இடம் பெற்றன. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் செஞ்சி.

போர் காணாத கோட்டை

லுட்விக்கின் மாளிகைகளில் புகழ் பெற்றது நொய்ஷ்வான்ஸ்டைன். மலை உச்சியில், கோபுரங்களோடு, கனவில் கண்டது போல் இருக்கும். ஆனால் அது போருக்காகக் கட்டியதல்ல. 1869-ல் வேலை தொடங்கியது. 1886-ல் மன்னர் ஏரியில் பிணமாகக் கிடந்தார். வேலை முடியவில்லை. சில வாரங்களிலேயே மாளிகையைக் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்து விட்டார்கள்!

செஞ்சியின் கதை வேறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துப் பிடித்த மதில். 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தே அரசாண்டார். 1690-ல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பி விட்டார்.

பிறகு வந்தவர் தேசிங்கு ராஜா. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து, சிறு படையுடன் போரிட்டு 1714-ல் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பார்கள். ராணிப்பேட்டை அவர் மனைவியின் நினைவாக எழுந்த ஊர். நாட்டுப் பாடல்களில் வாழ்ந்த அந்த இளைஞனை 1960-ல் எம்.ஜி.ஆர். வெள்ளித் திரையிலும் வாழ வைத்தார்.

மரத்தடி விருந்து

பவேரியர் பீரைத் தங்கள் சரித்திரத்தோடு சேர்த்தே காக்கிறார்கள். பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, தண்ணீர். இவை தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று 1516-லேயே சட்டம் செய்தார்கள். பீர் தயாரிப்போர் தம் நிலவறை வாசலில் பீர் விற்கலாம். ரொட்டி தவிர உணவு விற்கக் கூடாது என்று 1812-ல் மன்னர் ஆணையிட்டார். ஆகவே ஜனங்கள் கட்டுச்சோறு கொண்டுபோய் மரநிழலில் உட்கார்ந்து குடித்தார்கள். இன்றும் மியூனிக் நகரில் அந்த வழக்கம் உண்டு.

நமக்கும் ஒரு பானம் இருக்கிறது. அதில் போதை இல்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லையேல் புளித்துக் கள்ளாகி விடும். 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீருக்குத் தடையில்லை. கோடையில் திண்டிவனம் வட்டாரச் சாலையோரம் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கும் போட்டுத் தருவார்கள். அந்த ருசியைச் சொல்லி விளக்க முடியுமா?

ஏற ஆள் இல்லையே!

ஆனால் ஒரு கவலை. பாளை சீவ நாள்தோறும் மரம் ஏற வேண்டும். கால் தவறினால் உயிர் போகும். வருமானமோ சில மாதங்களுக்குத்தான். இளைஞர்கள் வேறு வேலைக்குப் போய் விடுகிறார்கள். பனை நம் மாநில மரம். மரத்தைக் காக்க அரசு முன்வந்திருக்கிறது. மரம் ஏறுகிறவரை யார் காப்பது? வாங்கிக் குடிக்கிற நாம்தான்!

கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறுங்கள். திண்டிவனம் தாண்டி 28 கிலோ மீட்டரில் செஞ்சி. ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. வெயிலுக்கு முன் ஏறி விடுவது நல்லது. கல்யாண மகால், நெற்களஞ்சியம், உச்சிக்குப் போகும் வழியில் பள்ளத்தின் மேல் உள்ள பாலம், எல்லாம் பாருங்கள். திரும்பும் வழியில் பதநீர்க்காரரைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். விலை பேசாமல் வாங்கிக் குடியுங்கள்.

கோட்டையைக் காக்க உலகமே முன்வந்து விட்டது. பதநீரைக் காக்க நம்மை விட்டால் வேறு யார்?